குடைக்கு வெளியே விழும் நிழல்

இந்த ஏப்ரலில் ஒரு நாள் மாலை நான்கேகால் மணிக்குப் பள்ளியிலிருந்து வீடு திரும்பியபோது, பின்முற்றத்தில் விரித்து வைத்திருந்த புதிய குடைக்கு அடியில் யாரும் இல்லை. அப்பாவின் சாய்வு நாற்காலி குடையை விட்டு எட்டடி விலகி, வீட்டுச் சுவரை ஒட்டிக் கிடந்தது. அவர் அதில் கண்மூடிச் சாய்ந்திருந்தார். குடை அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று எண்ணி, "ஏம்ப்பா, குடைக்குக் கீழ உட்காரலையா?" என்று கேட்டேன். கண்ணைத் திறக்காமலே, "நிழல்லதான கண்ணு உட்கார்ந்திருக்கேன்" என்றார். தரையைப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். குடையின் நிழல் முழுவதும் அவர் மீதும் அவருக்குப் பின்னால் இருந்த சுவரின் மீதும் படிந்திருந்தது. குடைத்தண்டைச் சுற்றி, நான் அவருக்கென்று நாற்காலி போட்டுக் கொடுத்திருந்த இடத்தில், கால் வைக்க முடியாத வெயில்.

கணிதம் கற்பிக்கும் எனக்கு அது வெட்கமாகத்தான் இருந்தது. மரத்தின் நிழல் நீளத்தைக் கொண்டு அதன் உயரத்தைக் காணும் கணக்கை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். ஆனால் குடை வாங்கும்போது அதன் விட்டத்தையும் நிறத்தையும் மட்டுமே பார்த்தேன். ஒன்பது அடிக் குடை என்றால் தண்டைச் சுற்றி ஒன்பது அடி நிழல் கிடைக்கும் என்று மனம் தானாகவே எடுத்துக்கொண்டது. அப்பா எந்தக் கணக்கும் போடவில்லை. நிழல் போன பக்கம் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார்.

எங்கள் வீடு சேலத்தில், கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தை நோக்கிச் செல்லும் பகுதியில் இருக்கிறது. வாசல் கிழக்குப் பார்த்தது. எனவே பின்முற்றம் மேற்கில் அமைந்துவிட்டது. வடக்கே தலையைத் திருப்பினால் மலை தெரியும். தென்வடலாக 20 அடி, கிழமேலாக 16 அடி, கடப்பைக் கல் பாவிய தரை. அம்மா காலமான பிறகு அப்பாவை அம்மாப்பேட்டையிலிருந்து இங்கே அழைத்து வந்தோம். பகல் உணவுக்குப் பின் சற்றுத் தூங்கி எழுந்து, மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை அந்த மலையைப் பார்த்தபடி வெளியே உட்கார்ந்திருப்பதுதான் அவருடைய விருப்பம். கான்கிரீட் அறைக்குள் அந்த நேரத்தில் இருக்க முடியவில்லை என்பது ஒரு காரணம். நாற்பது ஆண்டுகள் தறிக்குழியில் கால் வைத்து, சுவரைப் பார்த்தே நெய்தவருக்குத் திறந்த வெளி வேண்டியிருக்கிறது என்பது நான் ஊகித்துக்கொண்ட இன்னொரு காரணம். இரண்டு கண்களிலும் கண்புரை அறுவை முடிந்த பிறகு கூச்சம் அதிகமாகிவிட்டது. தகர ஷீட் போட்டால் மலை மறைந்துவிடும். அது காய்ந்து கீழே வெப்பத்தையும் இறக்கும். நட்டு வைத்த புங்கங்கன்று என் இடுப்பளவுதான் வளர்ந்திருக்கிறது. ஆகவேதான் குடை.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஒரு சோதனை செய்தோம். குடை வாங்கும் எவரும் கடைக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஏழடி உயரமுள்ள மூங்கில் கழியொன்றை மணல் நிரப்பிய வாளியில் நிமிர்த்தி நட்டு, அதன் நுனியின் நிழல் தரையில் விழும் இடத்தை அரை மணிக்கு ஒருமுறை சாக்பீஸால் குறித்துக்கொண்டே வந்தோம். குடைத்துணி ஏறக்குறைய ஏழடி உயரத்தில்தான் விரிகிறது. ஆகவே கழிநுனியின் நிழல் எங்கே விழுகிறதோ, அங்கேதான் குடை நிழலின் நடுப்புள்ளி விழும். அந்தப் புள்ளியைச் சுற்றிக் குடையின் விட்டத்துக்கு ஒரு வட்டம் வரைந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தக் குடை தரப்போகும் நிழலைத் தரையில் பார்த்துவிடலாம்.

முதலில் தெளிவானது, நம் ஊரில் உச்சிவேளை 12 மணிக்கு வருவதில்லை என்பது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சேலம் அதற்கு மேற்கே 78 பாகையைச் சற்றுத் தாண்டிய இடத்தில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கொண்டால், கதிரவன் நம் தலைக்கு நேரே வர ஏறக்குறைய 17 நிமிடம் தாமதமாகிறது. ஏப்ரல் மாதத்தில் பன்னிரண்டேகால் மணி வாக்கில்தான் உச்சி. சேலத்தின் அட்சரேகை 11.7 பாகை வடக்கு என்பதால், ஏப்ரல் 20ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டி மறுமுறையும் கதிரவன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வருகிறான். பள்ளிகளில் நிழலில்லா நாள் என்று பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று காட்டுவது இதைத்தான். அந்த நாளில், அந்த நிமிடத்தில் மட்டுமே குடையின் நிழல் குடைக்கு நேர் அடியில் விழுகிறது.

அதன் பிறகு நிழல் கிழக்கே ஓடத் தொடங்குகிறது. ஏழடி உயரக் குடைக்கு, ஏப்ரல் 20ஐ ஒட்டிய நாளில், 2.15 மணிக்கு நிழலின் நடுப்புள்ளி தண்டிலிருந்து ஏறக்குறைய 4 அடி நகர்ந்திருக்கும். 3.15 மணிக்கு ஏறக்குறைய 7 அடி, 4.15 மணிக்கு பதினொன்றரை அடி, 5.15 மணிக்கு 23 அடி. இவை தரைமட்டத்துக்கான அளவுகள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் மடி தரையிலிருந்து இரண்டடி மேலே இருப்பதால், அவர் மேல் விழும் நிழல் சற்றுக் குறைவாகவே நகரும்: 3.15க்கு 5 அடி, 4.15க்கு 8 அடி. ஒன்பது அடிக் குடையின் நிழல் நடுப்புள்ளியின் இரு பக்கமும் நாலரை அடிதான் பரவுகிறது. அப்படியானால், தண்டை ஒட்டி உட்கார்ந்தவர் மூன்றேகால் மணிக்கே வெயிலில்தான் இருப்பார். நாற்காலியைத் தண்டிலிருந்து ஆறடி கிழக்கே போட்டாலோ, மூன்று மணியிலிருந்து நாலரை மணி வரை அவர் அசையவே வேண்டியதில்லை.

குடை வாங்கப் போகிறவர்கள் எத்தனை அடிக் குடை என்று கேட்பதற்கு முன், எந்த நேரத்தில், எந்தப் பக்கம் பார்த்து உட்காரப் போகிறோம் என்பதைத்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். காலையில் பதினொரு மணிக்குக் காய்கறி நறுக்க உட்காரும் வீட்டுக்கு ஏழடிக் குடையே போதும். மாலை வெயிலுக்குப் பதினொரு அடிக் குடை வாங்கி நடுமுற்றத்தில் நிறுத்தினாலும், அதன் நிழல் பக்கத்து வீட்டுச் சுவருக்குத்தான் பயன்படும்.

பின்னொரு நாள் அஸ்தம்பட்டியில் சாலையோரம் தள்ளுவண்டியில் மாம்பழம் விற்கும் ஓர் அம்மாவைக் கவனித்தேன். அவருடைய குடை வண்டிக்கு மேலே இல்லை; வண்டிக்கு மேற்கே நாலைந்து அடி தள்ளி, சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. அத்தனை நாள் அந்த வழியாகப் போயும் அது என் கண்ணில் பட்டதில்லை. கேட்டபோது, "மதியத்துக்கு மேல இப்படி வச்சாத்தான் பழத்து மேல வெயில் படாதுங்க" என்றார். நாங்கள் ஒரு சனிக்கிழமை முழுவதும் சாக்பீஸ் பிடித்துக் கண்டுபிடித்ததை அவர் ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருக்கிறார்.

இந்தக் கணக்கால் எங்களுக்கு ஒரு பெரிய செலவு மிச்சமானது. நடுவில் தண்டு உள்ள குடை, பக்கவாட்டில் தூண் நின்று கையை நீட்டிப் பிடித்தது போலத் தொங்கும் குடை என்று இரண்டு வகை இருக்கின்றன. நாற்காலிக்கு இடையூறாகத் தண்டு இருக்கக் கூடாது என்பதற்காக, தொங்கும் வகையே வேண்டும் என்று முதலில் நினைத்திருந்தேன். ஆனால் மாலையில் நிழலே தண்டை விட்டு விலகிப் போய்விடும்போது, தண்டு யாருக்கும் குறுக்கே நிற்கப் போவதில்லை. தொங்கும் குடையில் எடை முழுவதும் ஒரு பக்கமாக இழுப்பதால், அதற்கு நடுத்தண்டுக் குடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட எடையில் அடித்தளம் வேண்டும். மூட்டுகளும் அதிகம், பழுதும் அதிகம். பெரிய உணவு மேசையைச் சுற்றி ஆறு பேர் நடுப்பகலில் உட்காரும் இடமாக இருந்தால் அதை வாங்குவதில் பொருள் உண்டு. ஒரு முதியவர், ஒரு சாய்வு நாற்காலி, மாலை நேரம் என்ற எங்கள் தேவைக்கு அது வேண்டியதில்லை.

தண்டின் மேற்பகுதியில் சாய்ப்பதற்கான மூட்டு இருக்கிறதா என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நாலரை மணிக்குப் பிறகு தட்டையாக விரிந்த குடை பயன் தருவதில்லை. மேற்கு விளிம்பைக் கீழே இறக்கிச் சாய்த்தால், அதுவரை கூரையாக இருந்த துணி பாதிச் சுவராக மாறி, இன்னும் அரை மணி நேரம் தாங்குகிறது.

முதல் குடையின் தண்டை மேற்கே நகர்த்தி வைத்து, மூன்று வாரம் நிம்மதியாக இருந்தோம். மே மாத நடுவில் கோடை மழைக்கு முன்னோடியாக வரும் சூறைக்காற்று வந்தது. வாழைத்தோட்டங்களை ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போகும் அந்தக் காற்றைச் சேலத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை இலை அசையவில்லை. பிறகு திடீரென்று கதவுகள் அறைந்தன. அப்பா உள்ளே வந்திருந்தார், குடை விரிந்தபடியே இருந்தது. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் அடித்தளம் கவிழ்ந்து, குடை தண்டோடு எழும்பி மதிலில் மோதியது. எட்டுக் கம்பிகளில் மூன்று முறிந்தன. ஒரு பத்து நிமிடம் முன்பு அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று, தனக்கு நேராக நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் ஏறக்குறைய 12 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்துகிறது. ஒன்பது அடி எண்கோணக் குடையின் பரப்பு 5 சதுர மீட்டருக்குச் சற்று மேல். காற்று அதன் உள்பக்கத்தை முழுமையாகப் பிடித்துக்கொண்டால் 60 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அந்த விசை தரைமட்டத்தில் தள்ளவில்லை, ஏழடி உயரத்திலிருந்து நெம்புகோலைப் போல இழுக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், வீட்டில் வைக்கக்கூடிய எந்த அடித்தளமும் சூறைக்காற்றில் விரிந்த குடையைப் பிடித்து நிறுத்தாது என்பது விளங்கும். அடித்தளத்தின் வேலை நாள்தோறும் அடிக்கும் சாதாரணக் காற்றில் குடை ஆடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. சூறைக்கு ஒரே வழி குடையை மூடிவிடுவது.

எனவே அடுத்த குடைக்கு நாங்கள் வைத்த முதல் நிபந்தனை, 78 வயதுள்ள ஒருவர் தனியாக மூட முடிய வேண்டும் என்பதாக இருந்தது. கயிறும் கப்பியும் கொண்ட குடையை, அதை விரிந்த நிலையில் தாங்கும் ஊசியைத் தண்டிலிருந்து உருவியதும் சட்டென்று இறக்கிவிடலாம். ஆனால் விரிக்கும்போது ஒரு கையால் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையைத் தலைக்கு மேல் தூக்கி ஊசியைச் செருக வேண்டும். தோள்வலி உள்ள அப்பாவால் அது ஆகாது. இடுப்பு உயரத்தில் கைப்பிடியைச் சுழற்றி விரிக்கும் வகையையே எடுத்தோம். அதனுள் ஓடும் மெல்லிய கம்பிவடம் என்றாவது ஒரு நாள் தேயும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு. நாற்காலியை விட்டு எழுந்தால், காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடையை மூடிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டோம். அப்பா இதுவரை ஒரு நாளும் மீறவில்லை.

அடித்தளத்தை நாங்களே செய்துகொண்டோம். கடையில் விற்கும் வெற்று பிளாஸ்டிக் தொட்டியில் 20 லிட்டர் தண்ணீர் பிடித்தால் 20 கிலோதான். அதே தொட்டியில் உலர்ந்த மணலைக் கொட்டினால் 30 கிலோவைத் தாண்டும். 20 லிட்டர் பெயின்ட் டப்பாவில் கான்கிரீட் போட்டு இறுக்கினால் 48 கிலோ வரும். மாம்பழ வண்டிக்காரர் வைத்திருந்தது இந்தக் கடைசி வகை. அது நல்ல வழிதான், ஆனால் டப்பா உயரமாகவும் குறுகலாகவும் இருப்பதால் சாய்வது எளிது. அதே எடை அகலமாகவும் தாழ்வாகவும் பரவியிருந்தால் பிடிப்பு அதிகம். சங்ககிரி வரை லாரிகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் பழைய லாரியின் பிரேக் டிரம் கிடைப்பதற்கா பஞ்சம்? தேய்ந்து கழித்த வார்ப்பிரும்பு டிரம் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கினோம். எடை போட்டபோது 42 கிலோ இருந்தது. வெல்டிங் பட்டறையில் அதை அகலமான இரும்புத் தகட்டின் மீது கவிழ்த்து, நடுவில் ஒன்றரை அடி உயரத்துக்குக் குழாய் வைத்துப் பற்றவைத்து, குழாயில் எதிரெதிராக இரண்டு திருகுமறைகளைப் பொருத்தித் தரச் சொன்னேன். குழாயின் உள்விட்டம் குடைத்தண்டைவிட மிகப் பெரியதாக இருந்தால், எவ்வளவு எடை இருந்தாலும் குடை தலையாட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே தண்டைக் கையோடு பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். தகட்டின் ஒரு பக்கம் மட்டும் இரண்டு சிறு சக்கரங்களை வைக்கச் சொன்னது அப்பாவின் யோசனை. நிமிர்ந்து நிற்கும்போது சக்கரம் தரையில் படாது. சற்றுச் சாய்த்தால் உருண்டு வரும்.

துணி பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம் இருக்கிறது, ஏனென்றால் அதில் எனக்கு ஆசான் வீட்டிலேயே இருந்தார். முறிந்த குடையைத் தூக்கிப் போடுவதற்கு முன் அப்பா அதன் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். வெண்பட்டு வேட்டி நெய்த விரல்கள் அதன் மேல் மெதுவாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, பிளேடால் குறுக்கே வெட்டி, என்னிடம் கொடுத்து, முனையைப் பார்க்கச் சொன்னார். மேலே செங்காவி நிறம், உள்ளே வெள்ளை. ஐந்தே வாரத்தில் மடிப்புக்குள் இருந்த இடமும் வெயில் பட்ட இடமும் வெவ்வேறு நிறமாகியிருந்ததற்குக் காரணம் அதுதான் என்றார். நெய்து முடித்த பாலியஸ்டர் துணியின் மேல் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அது நூலின் தோலோடு நின்றுவிட்டது.

நல்ல வெளிப்புறத் துணிகளில் நிறமி நூலாவதற்கு முன்பே, இழையாக இழுக்கப்படும் கரைசலிலேயே கலக்கப்படுகிறது. மஞ்சள் பூசிய தாலிக்கயிற்றுக்கும் மஞ்சள் கிழங்குக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம்: கயிற்றைத் துவைக்கத் துவைக்க வெளுக்கும், கிழங்கை எங்கே வெட்டினாலும் மஞ்சள்தான். இந்த முறையில் செய்யப்படும் அக்ரிலிக் துணி, குடைகளுக்கும் பந்தல்களுக்கும் உலகெங்கும் பயன்படுகிறது. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிளென் ரேவன் நிறுவனம் கொண்டுவந்த சன்பிரெல்லா அவற்றில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. விலை அதிகம். அந்த விலைக்கு இயலாதவர்கள், இதே போல நூலிலேயே நிறமேற்றிய பாலியஸ்டர் கேட்டு வாங்கலாம். அக்ரிலிக் அளவுக்கு நீடிக்காவிட்டாலும், மேற்சாயத் துணியைவிடப் பல மடங்கு மேல்.

கடையில் அப்பா செய்த சோதனைகளை எழுதி வைத்திருக்கிறேன். துணியை இரு கையாலும் குறுக்குவாட்டில், அதாவது நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்கும் அகலவாட்டில் ஓடும் ஊடை நூலுக்கும் நடுவான மூலைத் திசையில் இழுத்துப் பார்ப்பார்; இளகிக் கொடுத்தால் நெருக்கம் போதாது. விளக்குக்கு நேரே பிடிப்பார். ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம் என்பார். பின்பக்கத்தை நகத்தால் சுரண்டுவார். வெள்ளைப் பொடி உதிர்ந்தால், கனம் துணியில் இல்லை, பூச்சில் இருக்கிறது என்று பொருள். பிறகுதான் எடை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை ஜி.எஸ்.எம். என்று சீட்டில் போட்டிருப்பார்கள். எங்கள் முதல் குடையில் 160, இப்போது வாங்கியதில் 300. தையலையும் விட்டுவிடக் கூடாது. கம்பி நுனி நுழையும் பைகள்தான் முதலில் கிழிகின்றன. அங்கே இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்கிறதா என்று அப்பா ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தார். எட்டுப் பைகளையும் பார்த்து முடிக்கும் வரை கடைக்காரர் பொறுமையாக நின்றதற்கு நன்றி.

சீட்டில் யு.பி.எஃப். 50 என்று எழுதியிருந்தால், துணியின் மீது விழும் புற ஊதாக் கதிரில் 50இல் ஒரு பங்கு, அதாவது 2 விழுக்காடு மட்டுமே ஊடுருவும் என்று பொருள். அது துணிக்கான எண். குடைக்குக் கீழே இருப்பவருக்கான உத்தரவாதமன்று. புற ஊதாக் கதிர் கதிரவனிடமிருந்து நேராக மட்டும் வருவதில்லை, வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருகிறது. வெள்ளைச் சுவரிலிருந்தும் திரும்பி வருகிறது. திறந்த பக்கங்கள் வழியாக அது வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே அப்பா குடைக்குக் கீழேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை.

நிறத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அப்பாவின் மனம் வெள்ளையில் இருந்தது. வாழ்நாள் முழுவதும் வெள்ளையே நெய்தவர். வெளிர்நிறம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் என்பது சரிதான். ஆனால் மெல்லிய வெளிர்நிறத் துணி வெளிச்சத்தை உள்ளே கசியவிட்டு, தலைக்கு மேல் ஒரு குழல்விளக்கு எரிவதுபோல் கூசச் செய்கிறது. கருநீலம், கரும்பச்சை ஆகியவை கண்ணுக்கு இதமானவை, புற ஊதாக் கதிரையும் நன்றாக உறிஞ்சும். ஆனால் தாமே காய்ந்து, தலைக்கு மேல் அனலைப் பொழியும். கடைசியில் தவிட்டு நிறத்துக்கு இருவரும் உடன்பட்டோம். உச்சியில் இரட்டை அடுக்காகத் துணி வைத்து, இடையில் காற்று வெளியேற வழிவிட்ட குடையாகப் பார்த்து எடுத்தோம். தேங்கும் சூட்டுக் காற்று அதன் வழியாக ஏறிப் போகிறது. வீசும் காற்றின் அழுத்தமும் ஓரளவு குறைகிறது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பவுடர் கோட்டிங் செய்த அலுமினியத் தண்டு, 48 மில்லிமீட்டர் விட்டம். 38 மில்லிமீட்டர் தண்டு ஒன்பது அடிக் குடைக்கு மெலிவு. கம்பிகள் கண்ணாடியிழையாக இருந்தால், காற்றில் வளைந்துவிட்டு மீண்டும் நிமிரும். உருக்காலை உள்ள ஊரில் இருந்துகொண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தேடாமல் இருக்க முடியுமா என்று தேடியும் பார்த்தேன். தண்டுக்கு அது தேவையில்லை, திருகுகளும் ஊசிகளும் அதில் இருந்தால் போதும். துருப்பிடிக்கத் தொடங்குவது எப்போதும் அந்தச் சிறு பொருட்களில்தான். காந்தத்தை ஒட்டிப் பார்த்துத் தரம் சொல்வார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மலிவான 202, உயர்தரமான 304 ஆகிய இரண்டு வகையிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பதால், அந்தச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது.

ஜூன் மாதம் ஏற்காட்டில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து மேலே போனால், வெயிலின் கடுமை குறைந்துவிட்டதுபோல் தோன்றும். சேலத்தைவிட 1,200 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் காற்று உண்மையிலேயே குளிர்ச்சிதான். ஆனால் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரின் வலிமை கூடுகிறது, 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு என்ற அளவில். சுடாததால் நாம் நெடுநேரம் உட்கார்ந்துவிடுகிறோம். மறுநாள் முகம் எரிகிறது. குளிரும் இடத்துக்குக் குடை எதற்கு என்று சித்தி கேட்டதற்கு நான் சொன்ன விடை இதுதான். மலையில் துணியின் பெரிய பகை பூஞ்சணம். மூடுபனியில் ஊறிய குடையை அப்படியே சுருட்டிக் கட்டி வைத்தால் ஒரே வாரத்தில் கரும்புள்ளிகள் ஏறிவிடும். எந்தத் துணியாக இருந்தாலும் விரித்து உலர்த்திய பிறகே கட்ட வேண்டும், தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட பிறகு வெளியே வைக்கவே வேண்டாம் என்று சொன்னேன். கரைசலிலேயே நிறமேற்றிய அக்ரிலிக்காக இருந்தால், நீர்த்த பிளீச்சிங் கரைசலால் கழுவினாலும் நிறம் போகாது. மேற்சாயத் துணியில் அதைச் செய்தால் வெள்ளைத் திட்டுகள்தான் மிஞ்சும்.

அங்கே சித்தி மகனின் காபித் தோட்டத்தில் நடந்தபோது அப்பா வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். நிழலை அளந்து கொடுப்பது இங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களை எந்தக் கிளையில் கவாத்து செய்தால், எந்தச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம் இறங்கும் என்று தோட்டக்காரர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்கிறார்கள். முழு நிழலும் ஆகாது, முழு வெயிலும் ஆகாது. குடை தருவதைவிட அந்த வடிகட்டிய நிழல் எத்தனையோ மடங்கு உயர்ந்தது. இலைகள் நீராவியை வெளிவிட்டுத் தாமும் குளிர்ந்து, காற்றையும் குளிர்விக்கின்றன. புங்கங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற அன்று முதல் அப்பா மறப்பதில்லை.

ஐந்து மணிக்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் கதிரவன் அடிவானத்திலிருந்து 20 பாகை உயரத்துக்கு இறங்கிவிடுகிறான். எவ்வளவு சாய்த்தாலும் குடையால் தடுக்க முடிவதில்லை. மேற்கு மதிலுக்கு மேல் இரண்டு கம்பங்களை நட்டு ஒரு மூங்கில் தட்டியைக் கட்டிவிட்டோம். நாலே முக்கால் மணிக்கு அதை இறக்கினால் போதும், வடக்கே மலை மறைவதில்லை. கடப்பைக் கல் உறிஞ்சி வைத்த சூட்டுக்கு, மூன்று மணிக்கு முன்பாகவே இரண்டு வாளித் தண்ணீர் தெளித்துவிடுகிறோம். இந்த இரண்டையும் செய்யாமல் குடையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

நிழல் கிழக்கே மட்டும் ஓடுவதில்லை என்பதைப் புதுக் குடை வந்த பிறகுதான் கவனித்தோம். ஜூன் மாதத்தில் கதிரவன் நமக்கு வடக்கே போய்விடுவதால், மூன்றேகால் மணி நிழல் கிழக்கிலிருந்து இரண்டரை அடி தெற்கே ஒதுங்கி விழுந்தது. அதற்கேற்ப டிரம்மைச் சற்று வடக்கே உருட்ட வேண்டியிருந்தது. டிசம்பரில் இதற்கு நேர்மாறு: அதே நேரத்தில் கதிரவன் தென்மேற்கே 34 பாகை உயரத்தில்தான் இருப்பான்; தரையில் நிழல் பத்தடிக்கு மேல் நகர்ந்து வடகிழக்கே விழும். அப்பா சுண்ணாம்பைக் குழைத்து, டிரம் நிற்க வேண்டிய இடங்களைத் தரையில் வட்டமாக வரைந்து வைத்திருக்கிறார். சித்திரைக்கும் ஆவணிக்கும் ஒன்று, ஆனிக்கு ஒன்று, மார்கழிக்கு ஒன்று. முதல் இரண்டும் கழி நட்டுப் பார்த்துச் சரி செய்தவை. தென்மேற்கு மூலையில் உள்ள மூன்றாவது வட்டம் என் கணக்கை நம்பி வரைந்தது. அந்த மூங்கில் கழியை மாடிப்படிக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அரையாண்டு விடுமுறையில் நட்டுப் பார்க்க வேண்டும்.